துலுக்கானத்தம்மாள் டப்பி

காலையிலிருந்து கோதண்டம் பேசியது மூன்றே சொல்: "வந்தேன்", "உம்", "தண்ணி". ஆவடி ஸ்டேஷனில் கைகாட்டி மரத்தின் நெம்புகோலை ஒற்றைக் கையால் இழுப்பவன், சேக்காட்டில் திருவேங்கடத்தின் கூடத்தில் உட்கார்ந்து, ஒரு சுண்ணாம்பு டப்பியிடம் தோற்றுக்கொண்டிருந்தான்.

எலுமிச்சம்பழ அளவுப் பித்தளை டப்பி. இந்தப் பக்கம் தண்டவாளமே இல்லாத காலத்தில், "இரும்புப் பாம்பு பொகை கக்கிகினு வரும்" என்று குறி சொன்ன துலுக்கானத்தம்மாள் இந்த வீட்டுக்கு விட்டுப்போனது. கூடவே ஒரு வாக்கையும் விட்டுப்போயிருந்தாள்: "வாய் தொறந்தா வாசல் தொறக்கும்."

டப்பியின் வாயைத் திறக்கிறவனுக்குத்தான் தன் வீட்டு வாசல் திறக்கும், மகள் தாட்சாயிணியும் அவனுக்குத்தான் என்று திருவேங்கடம் அதற்குப் பொருள் சொல்லி வைத்திருந்தார்.

"பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துடும்பா. அதுக்குள்ள தொறக்கலன்னா நாளைக்கிப் பூந்தமல்லி மாப்ள வரான்."

நல்லெண்ணெய் விட்டாயிற்று. வெந்நீரில் போட்டாயிற்று. கோதண்டம் பல்லால் கடித்தபோது வாசல் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "மச்சான், டப்பி போனா போவுது, பல்லு பத்திரம்!"

தாட்சாயிணி மோர் கொண்டுவந்தாள். குனிந்து கிசுகிசுத்தாள். "மாமா, அது தொறக்காது."

"ஏன்?"

"முந்தாநேத்து திருமழிசை பயில்வான் வந்தான் இல்ல? தொறந்துடப் போறான்னு வெல்லமும் சுண்ணாம்பும் கொழச்சி மூடியில அப்பிட்டேன். கல்லாப் பூடுச்சி."

கோதண்டத்துக்குத் தெரியும்: அந்தக் கலவையில் கட்டிய சுவரைக் கடப்பாரையே அசைக்காது.

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீ என்னிக்காவது வாயத் தொறந்து கேட்டிருக்கியா?"

கடிகாரம் பத்து இருபத்தைந்தைத் தாண்டியது. பூந்தமல்லி மாப்பிள்ளை கண் முன்னால் பட்டு வேட்டியோடு வந்து நின்றான். கோதண்டம் டப்பியைத் தரையில் ஓங்கி வைத்து எழுந்தான்.

"மாமா! இந்த டப்பி தொறந்தா இன்னா, மூடிகினு கெடந்தா இன்னா? எனுக்கு உங்க பொண்ணுதான் வோணும். அவளுக்கும் நான்தான் வோணும். ஒண்ணு இல்ல, நூறு டப்பியக் கொண்டாங்க, இதான் பேச்சு!"

அடுக்களையிலிருந்து திருவேங்கடத்தின் மனைவி கன்னியம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"ஐய! புள்ள வாய் தொறந்துச்சி பாரு!"

திருவேங்கடம் டப்பியைப் பார்த்தார். கோதண்டத்தைப் பார்த்தார். மறுபடி டப்பியைப் பார்த்தார். சட்டென்று துள்ளிக் குதித்ததில் தோள் துண்டு பறந்து மோர்ச் சொம்பில் விழுந்தது.

"அடி மகராசி துலுக்கானத்தம்மா! வாய்னுதான சொன்னே, எந்த வாய்னு சொன்னியா? பலிச்சிட்சிடா டோய்!"

அவரே ஓடிப்போய் வாசல் கதவு இரண்டையும் விரியத் திறந்துவிட்டார். டோல் மேளம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் ராகுகாலம் பிறப்பதற்குள் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள்.

அன்று திறந்த கோதண்டத்தின் வாய் அப்புறம் மூடவே இல்லை. சாப்பாட்டில் பேசினான், தூக்கத்திலும் பேசினான். கல்யாணமான மூன்றாம் மாதம், தாட்சாயிணி அம்மாவிடம் கொஞ்சம் வெல்லமும் சுண்ணாம்பும் கேட்டு ஆள் அனுப்பினாள்.