நின்ற காரில் ஓடிய எஞ்சின்

எங்கள் ஜீப்பின் முகத்தோடு முகம் வைத்து ஒரு வெள்ளை அம்பாசடர் நின்றது. 1982 மே மாதம், பெருமாள்மலைக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவு. அதை ஓட்டியவர், தனக்கு முன்னால் மெதுவாக ஏறிய பஸ்ஸை முந்தப் பார்த்து எங்கள் பக்கத்துக்கு வந்து மாட்டிக்கொண்டவர். அந்த வளைவில் பஸ் திரும்புவதற்கு ரோட்டின் முழு அகலமும் வேண்டும். இது மலையில் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். சீசனுக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது. அவரை நம்பிப் பின்னாலேயே பத்துக் கார்கள் வேறு.

என் பக்கத்து சீட்டில் எங்கள் ஊர்ப் பெண் அமலி, மடியில் சர்டிபிகேட் பையுடன். திண்டுக்கல்லில் இரண்டு மணிக்கு நர்ஸ் படிப்புக்கு நேர்முகத் தேர்வு. அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

நான் எஞ்சினை நிறுத்திவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். பதிலுக்கு ஓர் அங்குலம்கூட நகர்த்தாது.

“ஆஃப் பண்ணுங்க சார். பெட்ரோல் வீணாப் போகுதுல்ல.”

“எனக்கு வாங்க வசதியிருக்குப்பா,” என்றார், கூலிங் கிளாஸைக் கழற்றாமல்.

“வாங்குறதுக்கு இங்க பங்க் எங்க சார் கெடக்கு?”

கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கடைசிக் காரிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் எடுக்க வைப்பதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. இவர் முறை வந்தபோது அம்பாசடர் இருமியது, குலுங்கியது, அடங்கியது.

“தீர்ந்துபோச்சு. ஒரு நாலு லிட்டர் குடு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “பின்னால போறது பள்ளத்துக்கு சார். நியூட்ரல்ல விடுங்க, தன்னால உருளும்.”

“எஞ்சின் இல்லாம பிரேக் எப்படிப்பா பிடிக்கும்?”

அந்தப் பிரேக்குக்கு எஞ்சின் வேண்டாம். மிதிக்கிற காலின் அழுத்தத்தைக் குழாயில் இருக்கும் எண்ணெய் சக்கரத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். பொறுமையாக இரண்டு தடவை விளக்கினேன். அவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், யாரோ பிடுங்க வந்ததுபோல.

மணி பதினொன்றே முக்கால். அமலி இறங்கிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

“எறங்குங்க சார். மலைக்கு வந்தா மலைய ஓட்டத் தெரிஞ்சவங்ககிட்ட குடுக்கணும். பவுலண்ணே, நீங்க ஏறுங்க. வெரசா!”

பஸ்ஸிலிருந்து சிரித்தார்கள். அவர் இறங்கினார்.

ஹேண்ட் பிரேக்கை விட்டேன். ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல், சத்தமே இல்லாமல், கார் பின்னோக்கி வளைவில் இறங்கியது. முன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகளை ஆட்டியபடி அவர் என்னைத் துரத்தி ஓடிவந்தார். அவரையும் தாண்டி, மேலே, அமலி ஜீப்பின் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.