அடுத்த வரி

கான்சாஸ் பக்கத்து சர்ச் கூடங்களில் பதினோரு வருடமாகப் பேசி வருகிறேன். மனித மனம் தானாக உருவானதல்ல, கடவுள் வடிவமைத்தது என்பது என் கட்சி. இன்றும் அதையே நம்புகிறேன். எதிர்த்துப் பேசுகிறவர்களின் வாயை அடைக்க என்னிடம் ஒரு மேற்கோள் உண்டு. சிம்பன்சிகளோடு ஆயுளில் பாதியைக் கழித்த டாக்டர் இங்க்ரிட் ஹால்வர்சன் எழுதியது: "குரங்கின் மனத்துக்கும் மனித மனத்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை எதுவும் தாண்டாது." அது திரையில் விழுந்ததும் கூடம் கைதட்டும்.

போன ஞாயிறு பேச்சு முடிந்து, எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, வயதான ஒரு பெண்மணி என் புத்தக மேசைக்கு வந்தார். கையிலிருந்த புத்தகத்தை விரித்து என் முன்னால் வைத்தார்.

"நான்தான் இங்க்ரிட். அடுத்த வரியயும் கொஞ்சம் படிங்க, மிஸ்டர் ப்ரூயிட்."

படித்தேன். "இருபது வருடம் இப்படித்தான் நம்பியிருந்தேன், அது தவறு."

"இத நீங்க பாத்ததே இல்லையா?"

பார்த்திருக்கிறேன். முதல் நாளே பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன். நல்ல காரியத்துக்குத்தானே என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். கடவுளுக்கு என் கத்தரிக்கோல் தேவைப்பட்டது பாருங்கள். வெட்கப்படத் தெரிந்த ஒரே உயிர் மனிதன் என்று அரை மணி முன்புதான் மேடையில் முழங்கியிருந்தேன். ஒப்புக்கொண்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் என் மகள் கொரின் தட்டில் ஆப்பிள் கேக்கோடு வந்துவிட்டாள்.

"அப்பா புக்க வாங்கிக்கங்க மேடம். அதுல வர்ற குரங்கு டாக்டர் வரிய வச்சுத்தான் ஸ்கூல் டிபேட்ல நான் ஜெயிச்சேன். எதிர்ல நின்ன பையன் அத பாதியில வெட்டிட்டாங்கன்னான். எங்கப்பா அப்படிச் செய்ய மாட்டாருன்னேன். எல்லாரும் அவனப் பாத்துச் சிரிச்சாங்க."

இங்க்ரிட் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் காது மடல் எரிந்தது. ஏற்கெனவே நேராக இருந்த புத்தகங்களை நேராக அடுக்கத் தொடங்கினேன்.

"உங்க பொண்ணுக்கு உங்க மேல ரொம்ப நம்பிக்கை," என்று என்னிடம் சொல்லிவிட்டு, புத்தகத்தை மூடிக்கொண்டு போனார்.

"யாருப்பா அவங்க?"

"தெரியலம்மா," என்றேன்.