எந்தத் தோளில் பலகை?

சென்னை யூடியூப் சேனலிலிருந்து வாசுகி என்ற பெண் கேமராவோடு என் பொம்மைக் கடைக்கு வந்தபோது, சரக்கு எடுக்க வந்தவள் என்று நினைத்து மனசுக்குள் விலையை இரண்டு மடங்காக ஏற்றி வைத்துவிட்டேன். அவளோ, "பதினெட்டு வருஷத்துக்கு முன்னால இங்க எடுத்த படத்துல நடிச்ச மண்மூஞ்சிக்காரர் எங்க சார் இருக்காரு?" என்று கேட்டாள்.

விருத்தாசலத்தில் இந்தக் கேள்விக்கு யாரும் யோசிப்பதில்லை. அந்தப் படத்தில் கதாநாயகன் பீங்கான் பொம்மைப் பட்டறைக்குள் ஒளிகிறான். முகமெல்லாம் வெள்ளை மண் அப்பிய தொழிலாளி ஒருவன், தோளில் ஈரப் பொம்மைகள் அடுக்கிய பலகையோடு வந்து, துரத்தி வந்த ரவுடிகளிடம், "இங்க பொம்மதாங்க இருக்குது, ஆளு இல்ல" என்கிறான். அவ்வளவுதான். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

அவன்தான் கோதண்டபாணி. என் கடைக்குப் பின்னால் உள்ள பட்டறையில் இன்றும் வேலை பார்க்கிறான். அந்த ஒரு வரியை வைத்துப் பதினெட்டு வருஷமாக ஓசி டீ குடிக்கிறான். பெண்ணாடத்துப் பூர்ணிமா, சர்க்கரை ஆலை மாப்பிள்ளையைத் தள்ளிவிட்டு இவனைக் கட்டிக்கொண்டதே தியேட்டரில் பார்த்துத்தான்.

பட்டறையில் பேட்டி தொடங்கும் நேரத்தில், முன்பு அங்கே கோதண்டபாணியோடு வேலை பார்த்து, இப்போது குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த பழைய கூட்டாளி அமீனுதீன் உள்ளே வந்தார்.

"கோதண்டம், தப்பா நெனச்சிக்காத. அது நான்டா."

"யோவ் பாய், வெளையாடாத."

விசாரித்தால் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முதல் நாள் அமீனுதீனை வைத்து எடுத்திருக்கிறார்கள். டைரக்டருக்குத் திருப்தியில்லை, மறுநாள் கோதண்டபாணி. எதைப் படத்தில் வைத்தார்கள் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. குரலும் சென்னையில் யாரோ கொடுத்தது. படம் வெளிவந்த மாசமே பாய் விமானம் ஏறிவிட்டார். அங்கே ரூம்காரர்களிடம் இதே கதையைச் சொல்லி அவரும் பதினெட்டு வருஷம் பிரியாணி சாப்பிட்டிருக்கிறார். அசலையும் போலியையும் தட்டிப் பார்த்தே சொல்கிறவன் நான். எனக்கே பிடிபடவில்லை.

"தோளப் பாருங்க" என்றான் கோதண்டபாணி. பட்டறையில் ஆளுக்கொரு தோள் பழக்கம். தோள் மாற்றினால் ஈரப் பொம்மை சரிந்துவிடும். இவனுக்கு வலது, பாய்க்கு இடது.

வாசுகி போனில் அந்தக் காட்சியை ஓட்டினாள். உள்ளே வரும்போது பலகை இடது தோளில் இருந்தது. திரும்பிப் போகும்போது வலது தோளில் இருந்தது. நடுவே வசனம் பேசும் இடத்தில் முகம் மட்டும்தான், பலகையே தெரியவில்லை.

"ரெண்டு நாள் எடுத்ததயும் ஒட்டியிருக்காங்க" என்றாள். "மொகம் யாருதுன்னு தெரியலியே."

ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று இரண்டு பேர் முகத்திலும் வெள்ளை மண்ணை அப்பச் சொன்னாள். அப்பினார்கள். அந்த நேரம் பார்த்துப் பூர்ணிமா டீயோடு வந்தாள். நேராகப் போய் ஒரு தம்ளரை நீட்டினாள்.

"இந்தாங்க. டீ குடிச்சிட்டு ரேஷனுக்குப் போவணும், மறந்துடாதிங்க."

"அம்மா, நான் பாயி" என்றார் தம்ளரை வாங்கிக்கொண்ட அமீனுதீன்.

பட்டறையே சிரித்தது. கோதண்டபாணி சிரிக்கவில்லை. மண் காய்ந்து வெடித்த முகத்தோடு அவள் முன்னால் வந்து நின்றான்.

"தியேட்டர்ல பாத்துதான என்ன வேணும்னு சொன்ன? யாரப் பாத்து சொன்ன?"

"இது என்னாங்க கேள்வி?"

"சொல்லு. இந்த மொகத்தயா?"

"மண்ண அப்பிக்கிட்டு இருந்தா மொகம் எங்க தெரியுது? நடயப் பாத்தேன். அத்தினி பொம்மயத் தூக்கிக்கிட்டு ஒண்ணுகூட ஆடாம நடந்தாரு. இந்த ஆளு வூட்ட ஒழுங்கா தாங்குவாருன்னு நெனச்சேன்."

"வரும்போதா, போவும்போதா? எந்தத் தோளு?"

பூர்ணிமா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"எதுக்கால ஒக்காந்து பாத்தவளக் கேட்டா? எனக்கு எடதுன்னா ஒங்களுக்கு வலதா? வலதுன்னா... அட போங்க, கொழம்புது."

கோதண்டபாணி போய்ப் பொம்மைப் பலகை ஒன்றை எடுத்து வலது தோளில் ஏற்றினான். பட்டறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தான். ஒரு பொம்மையும் ஆடவில்லை. திரும்பி அவளைப் பார்த்தான்.

வாசுகி கேமராவை நிறுத்த மறந்து நின்றாள். பாய் டீயைக் கீழே வைத்துவிட்டுத் தனக்கொரு பலகை தேடினார்.

பூர்ணிமா தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

"இன்னொருக்கா நடங்க" என்றாள்.