முதல் மூன்று பெயர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதும் ஸ்ரீதருக்கு ஞாயிற்றுக்கிழமை விடிவதே குறுக்கெழுத்துக்காகத்தான். நாளிதழின் இணைப்பில் வரும் கட்டங்களை நிரப்பி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். எல்லாம் சரியாக எழுதி முதலில் அனுப்பிய மூன்று பேரின் பெயர் மறுவாரம் ஊரோடு அச்சாகும். பரிசு என்று ஒன்றும் கிடையாது. ஆனால் ‘ஸ்ரீதர், கடலூர்’ என்று படித்துவிட்டு, பத்திரப்பதிவுக்கு வருகிறவர்கள்கூட அவரிடம் சொல்லுக்குப் பொருள் கேட்பார்கள். ஞமலி என்றால் நாய், ஞிமிறு என்றால் வண்டு, புர்கினா பாசோவின் தலைநகர் வாகடூகு. கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் பேனாவை எடுத்துக்கொள்வார்.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு, பட்டியலில் அவர் பெயருக்கு மேலே ‘அருண்பாண்டியன், சிதம்பரம்’ என்று இருந்தது.

அருண்பாண்டியன் வேறு யாருமில்லை. அவருடைய மனைவி வினோதினியின் தம்பி. சிதம்பரம் மேல வீதியில் செல்போன் கடை வைத்திருப்பவன். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடத்தில் இரண்டு முறை தவறியவன்.

“உன் தம்பி பேரு வந்துருக்குது” என்றார் ஸ்ரீதர்.

“அப்படியா?” என்றாள் வினோதினி. இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

அடுத்த வாரமும் வந்தது. அதற்கடுத்த வாரம் அவன் பெயர் இருந்தது, இவர் பெயர் இல்லை. ஸ்ரீதருக்குச் சோறு இறங்கவில்லை. உறவுக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் அவனுக்குக் கைதட்டும் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். இத்தனை வருடமாக இவர் பெயர் வந்தபோது ஒருத்தரும் ஒரு கட்டைவிரலைக்கூடத் தூக்கியதில்லை. பொடிப்பயல், கடை முழுக்க போன். அதில் தேடிப் போட்டு அனுப்புகிறான், வேறென்ன? இந்த முடிவுக்கு வந்த பிறகுதான் அவருக்கு ஓரளவு தூக்கம் வந்தது.

ஒரு புதன்கிழமை வில்லங்கச் சான்று விஷயமாகச் சிதம்பரம் போகவேண்டி இருந்தது. வேலை முடிந்ததும் நேராக மச்சான் கடைக்குப் போனார்.

“வாங்க மாமா! டீ சொல்லட்டா?”

டீ வந்தது. ஸ்ரீதர் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டார். “போன வாரம் நுகும்புன்னு ஒரு விடை எழுதினியே, அதுக்கு என்னாடா அர்த்தம்?”

அருண்பாண்டியன் ஒரு போனின் முதுகைத் துடைத்தான். மீண்டும் துடைத்தான். “அது வந்து… ஏதோ காய் பேருதானே மாமா?”

ஸ்ரீதர் அவன் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினார். பஸ்ஸில் புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எதுவும் கண்ணில் படவில்லை. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“உன் தம்பி சரியான ஃபிராடு! நுகும்புன்னா என்னான்னு கேட்டேன். காயாம்! போனைப் பாத்து எழுதிட்டு, பெரிய புலவராட்டம் பேரு போட்டுக்கறான். அந்தப் பேப்பருக்கு நான் எழுதிப் போடப் போறேன்.”

வினோதினி தனியார் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

“நுகும்புன்னா விரியாத பனங்குருத்து. அவன் எந்தப் போனையும் பாக்கல. நான்தான் சொன்னேன்.”

“ஒண்ணு ரெண்டா?”

“எல்லாமே. ஞாயித்துக்கிழம போன்ல அவன் குறிப்பு படிப்பான், நான் விடை சொல்லுவேன். அவன் பேருல அனுப்புன்னேன். அவனுக்கும் கடையில நாலு பேரு கேக்கறது பெருமையா இருந்துது.”

ஸ்ரீதர் நாற்காலியில் உட்கார்ந்தார். மச்சான்மீது இருந்த எரிச்சல் ஒரு நொடியில் போய்விட்டது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது அதைவிடப் பெரியதாக இருந்தது.

“உன் பேருல அனுப்ப என்னா?”

“நெல்லிக்குப்பம் கல்யாணத்துல என்னா ஆச்சு?” என்றாள். “பந்தியில யாரோ திரைச்சீலைக்குப் பழைய பேரு கேட்டாங்க. நீங்க யோசிச்சிக்கினு இருந்தீங்க. நான் எழினின்னு சொல்லிட்டேன். வர்ற வழி பூரா எங்கிட்ட பேசுனீங்களா? மறுநா பேசுனீங்களா? உங்க பேரு பக்கத்துல எம் பேரு வந்தா உங்களுக்கு ஆவாதுங்க.”

மறுக்க வாயைத் திறந்தார். அந்தக் கல்யாணத்தில் பாயசம்கூடச் சாப்பிடாமல் எழுந்தது நினைவுக்கு வந்தது.

“இனிமே உன் பேருலயே அனுப்பு” என்றார் கடைசியில். பெருந்தன்மையாகச் சொல்ல நினைத்தார். குரல் சவால் விடுவதுபோல் வந்தது.

“அனுப்பறேன்” என்றாள் அவள், அதே குரலில்.

ஞாயிறு காலை வீட்டில் ஒரே பேப்பர். ஸ்ரீதர் மடியில் வைத்துக்கொண்டார். வினோதினி அவர் தோளுக்கு மேலிருந்து கட்டங்களைப் படம் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, போனிலேயே விரலால் நிரப்பத் தொடங்கினாள். ‘தோழி, மூன்றெழுத்து’ என்ற இடத்தில் ஸ்ரீதர் மாட்டிக்கொண்டார். பாங்கி பொருந்தவில்லை, கடைசி எழுத்து ‘ளை’. நெற்றியைத் தேய்த்தார். ஜன்னல் பக்கம் போன் ‘டிங்’ என்றது. அவள் அனுப்பிவிட்டு எழுந்து குக்கரை வைக்கப் போனாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. இகுளை என்பது ஒரு வழியாக நினைவுக்கு வந்தபோது குக்கர் அடங்கியிருந்தது.

மறுவாரம் ‘வினோதினி, கடலூர்’ என்று முதல் பெயராக இருந்தது. இவர் பெயர் மூன்றிலும் இல்லை.

திங்கட்கிழமை டீக்கடையில் முத்திரைத்தாள் விற்கும் கொளஞ்சியப்பன் பேப்பரை ஆட்டிக்கொண்டு வந்தார். “யாருப்பா இந்த வினோதினி? நம்ம ஊர்லயே உனக்கு ஒரு ஆளு மொளச்சிட்டாப்பல இருக்குது!”

தெரியாது என்று சொல்லிவிடலாம். ஸ்ரீதர் ஒரு வாய் டீ குடித்தார்.

“எம் பொண்டாட்டி.”

“அட! அப்ப நீ சொல்லிக் குடுத்ததுதான், சொல்லு!”

சும்மா சிரித்திருந்தால் போதும். அந்தப் பெயரில் பாதி அவருடையதாகிவிடும். நாக்கு நுனிவரை வந்தது. கொளஞ்சியப்பனின் முகம் அதைக் கேட்கத் தயாராகவும் இருந்தது.

“இல்ல. அவளே போட்டா. எனக்கு ஒரு சொல்லு வரவே இல்ல.”

சொல்லி முடித்ததும் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தார். ஆகவில்லை. நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல்தான் இருந்தது. டீக்குக் காசு கொடுத்துவிட்டு நேராகப் பேப்பர் ஏஜென்ட்டிடம் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரெண்டு போடச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு வாசலில் இரண்டு கிடந்தன. வினோதினி ஒன்றைக் கையில் எடுத்தாள்.

“எதுக்குங்க ரெண்டு?”

“நீ தோளுக்கு மேல நின்னா எனக்கு ஓட மாட்டேங்குது” என்றார் ஸ்ரீதர்.

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றிக்கொண்டு முதல் கட்டத்தில் இறங்கியிருந்தார்.