கோல் லேண்டர்ன், சீல் பிரிக்காதது

பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு விலை சொல்வது எனக்குத் தொழில் இல்லை, வியாதி. தொழில் என்று கேட்டால் தென்காசி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதார் கார்டுக்கும் வில்லங்கச் சான்றுக்கும் நகல் எடுத்துக் கொடுத்து வயிறு வளர்க்கிறேன். ஆனால் மதுரையிலோ பெங்களூரிலோ எவனாவது தன் மாமா வீட்டுப் பரணில் ஒரு பழைய விளையாட்டுப் பெட்டியைக் கண்டெடுத்தால் போட்டோ எடுத்து எனக்குத்தான் அனுப்புகிறான். முக்கால்வாசிப் பேரிடம் அது பேரீச்சம்பழத்துக்குக்கூட ஆகாது என்று சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிவிடுவேன். பிச்சுமணி வாயில் நல்ல வார்த்தையே வராது என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

இந்த உலகத்து நியாயமே தலைகீழ். நல்ல விளையாட்டுக்கு விலை கிடையாது. எல்லாரும் வாங்கியிருப்பார்கள், எங்கே பார்த்தாலும் கிடக்கும். போட்ட மறு வருஷமே ஒரு கம்பெனி திவாலாகி, விற்காத பெட்டிகளைக் குப்பையில் கொட்டியிருப்பான் பாருங்கள், அதற்குத்தான் விலை. அதிலும் பெட்டியின் மூலை நசுங்கியிருக்கக் கூடாது. பிளாப்பி, புத்தகம், கூட வைத்த துண்டுக் காகிதம்வரை உள்ளே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே சீல். கம்பெனியில் சுற்றிய கண்ணாடித்தாள் பிரியாமல் இருந்தால் ஒரு விலை, பிரிந்துவிட்டால் அதில் பத்தில் ஒரு பங்கு தேறினாலே பெரிசு. ஆக, யாரும் ஒரு தடவைகூட விளையாடாத விளையாட்டுக்குத்தான் உச்ச விலை. கிறுக்குத்தனம்தான். ஆனால் அந்தக் கிறுக்கை நான் உண்டாக்கவில்லை.

சங்கிலிப்பாண்டிக்கும் எனக்கும் இது ஒன்றாகப் பிடித்தது. தொண்ணூறுகளில் இரண்டு பேரும் தென்காசியில் ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் படித்தோம். படித்தது கொஞ்சம், அங்கே கிடந்த திருட்டுக் காப்பி விளையாட்டுகளை ஆடியதுதான் நிறைய. அப்புறம் அவன் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவுக்குப் போனான். சம்பளம் கையில் வந்ததும் அசல் பெட்டிகளைத் தேடித் தேடி வாங்கினான். திருட்டுக் காப்பியில் ஆடிய பாவத்துக்குப் பிராயச்சித்தம் என்பான். ரிட்டயராகி இலஞ்சிக்கு வரும்போது மற்றவர்கள் எல்லாம் கேன்டீன் குக்கரும் மிக்ஸியும் கொண்டுவர, இவன் ட்ரங்குப் பெட்டி நிறைய விளையாட்டு கொண்டுவந்தான். குற்றாலத்துச் சாரல் இலஞ்சிவரை வந்து அடிக்கும். சீசன் நேரத்தில் சுவரே வேர்க்கும். பெட்டிகளில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அவன் பட்ட பாட்டைப் பிள்ளை பெற்றிருந்தால் பிள்ளைக்குக்கூடப் பட்டிருக்க மாட்டான். பிள்ளை இல்லை.

அவன் வைத்திருந்ததில் தலையானது கோல் லேண்டர்ன். அமெரிக்காவில் எண்பத்து மூன்றில் வந்து, வந்த சுவடு தெரியாமல் போன சுரங்க விளையாட்டு. சீல் பிரியாமல் உலகத்தில் மிஞ்சியது மூன்றோ நாலோ என்பது எங்கள் கூட்டத்துப் பேச்சு. கடைசியாக ஒன்று வெளிநாட்டில் ஏலத்துக்கு வந்தபோது நம்ம பணத்துக்கு இருபது லட்சத்தைத் தாண்டிப் போனது. சங்கிலி அதைத் திருவனந்தபுரத்தில் ஒரு என்ஜினியரிடமிருந்து தன் பி.எஃப். பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்கினான். வீட்டுக்கு வந்து, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கினேன் என்று சொல்லிவிட்டான். பெண்டாட்டியிடம் உண்மை விலையைச் சொன்ன கிறுக்கன் எங்கள் கூட்டத்தில் ஒருத்தனும் கிடையாது. அவள் பேர் நிர்மலாதேவி. நம்பினாள். அவன் என்ன சொன்னாலும் நம்புகிறவள்தான்.

போன வருஷம் அவனுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது பாதி உடம்பு போயிருந்தது. ராணுவ ஆஸ்பத்திரியில் கைவிட்ட பிறகு வெளியே பார்த்த வைத்தியத்துக்கு அண்ணன் தங்கசாமிதான் பணம் கொடுத்தார். இலஞ்சி வீடு இரண்டு பேருக்கும் பொது. ஒரு வருஷத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது, இல்லாவிட்டால் தம்பி பங்கை அண்ணன் பேருக்கு எழுதிக் கொடுப்பது என்று பேச்சு. தங்கசாமியைக் குறை சொல்ல முடியாது. அவரும் நிலத்தை அடகு வைத்துத்தான் கொடுத்தார்.

கடைசி நாட்களில் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் சங்கிலி நிர்மலாவை வெளியே போகச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். கை வெறும் எலும்பு.

“ஏலே பிச்சு, அந்தச் சுரங்கத்த வித்து வீட்ட அவ பேருக்கு மீட்டுக் குடுத்துரு. இப்ப அவகிட்டச் சொல்லாத. வெல தெரிஞ்சா அத வித்து எனக்கு ஊசி போடுவா. எனக்குப் போட்டு ஒண்ணும் ஆகப் போறதில்ல.”

நான் தலையாட்டினேன். செத்த பிறகும், வாங்குகிறவன் பணத்தோடு வாசலில் வந்து நிற்கிறவரை வாயைத் திறக்கக் கூடாது என்றும் சத்தியம் வாங்கிக்கொண்டான். அவளுக்கு மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது, சொந்தக்காரர்கள் காதில் விழுந்தால் ஆளுக்கொரு பங்கு கேட்டு வருவார்கள் என்பது அவன் பயம். அவளிடம் அவன் சொன்னது ஒன்றே ஒன்று. அந்தப் பெட்டி எனக்கு உசுரு, பத்திரமாகப் பார்த்துக்கொள்.

அவன் போன பிறகு ஒரு வருஷம் அலைந்தேன். நல்ல சரக்குக்கு ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் இங்கே இருந்து இப்படி ஒரு பெட்டி வருகிறது என்றால் நம்ப மாட்டான். சீலைப் பிரித்துவிட்டு வீட்டிலேயே வேறு தாள் சுற்றி விற்கிற களவாணிகள் உண்டு. அதனால் தாள் ஒட்டியிருக்கும் விளிம்பைக் கிட்டத்தில் காட்டு, விளக்கு வெளிச்சத்தில் காட்டு என்று ஆயிரம் கேள்வி. நிர்மலா கடைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வீடியோவில் காட்டினேன். கடைசியில் கொச்சியில் உசாமா என்கிற ஆள் படிந்தார். ஏல விலை இல்லை. ஆனால் தங்கசாமி பணத்தைக் கொடுத்து வீட்டை மீட்டு, அவள் காலத்துக்கும் கொஞ்சம் மிஞ்சும். ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை கொல்லம் ரயிலில் செங்கோட்டையில் வந்து இறங்குவதாகச் சொன்னார். அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை சங்கிலிக்கு வருஷத் தெவசம்.

நிர்மலாவிடம் நான் சொல்லி வைத்திருந்தது இவ்வளவுதான். ஒரு ஏற்பாடு இருக்கிறது, தெவசம் முடிகிறவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. அவளும் என் வாக்கை நம்பித் தங்கசாமியிடம் தவணை சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டை விட்டால் அவளுக்குத் திருவேங்கடத்தில் தம்பி வீடுதான் கதி. அங்கே போய் இரண்டு நாள் இருந்தாலே தம்பி பெண்டாட்டி பாத்திரத்தை நங்கு நங்கென்று வைப்பாள்.

தெவசத்தன்று நான் போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. வழியெல்லாம் சாரல், அருவிக்குப் போகிற வண்டிகள் வேறு பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. நனைந்துகொண்டே படியேறி உள்ளே பார்த்தேன். சங்கிலி போட்டோவுக்கு முன்னால் பெரிய தலைவாழை இலையில் படையல் போட்டிருந்தது. ஆட்டுக்கறி, அவித்த முட்டை, உளுந்த வடை, அதிரசம். அவனுக்குப் பிடித்த மிலிட்டரி ரம், மூடியைத் திருகி எடுத்து வைத்திருந்தது. சிகரெட் பெட்டியைக் கிழித்து ஒன்றைப் பற்ற வைத்து டம்ளர் விளிம்பில் சாய்த்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் கோல் லேண்டர்ன்.

பெட்டியின் மூடி தனியாகக் கிடந்தது. முகப்பில் சந்தனமும் குங்குமமும். பிளாப்பியை உறையிலிருந்து எடுத்து இலை ஓரத்தில் வைத்திருந்தாள். சுரங்கத்தின் வரைபடத்தை விரித்து, பறக்காமல் இருக்க ஒரு மூலையில் அதிரசத்தை வைத்திருந்தாள். சின்னத் துணிப் பையில் ஒரு நிஜ நிலக்கரித் துண்டு வேறு இருந்தது. அப்படி ஒன்று உள்ளே இருக்கும் என்று நாங்கள் படித்திருக்கிறோம், பார்த்ததில்லை. கண்ணாடித்தாளைக் காணோம்.

என் மூளை அந்த நேரத்திலும் சும்மா இருக்கவில்லை. சீல் போயிற்று, முகப்பு கறை, வரைபடத்தில் எண்ணெய் என்று ஒவ்வொன்றாக விலையைக் கழித்துக்கொண்டே வந்தது. இப்படி ஒரு மூளையை வைத்துக்கொண்டு நான் என்னத்துக்கு உயிரோடு இருக்கிறேன் என்று தோன்றியது.

நிர்மலா தலையைத் துவட்டத் துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். நான் எதைப் பார்க்கிறேன் என்று கவனித்தவள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

“மூடி வச்சா அவுக எப்படிண்ணே எடுப்பாக? அதான் எல்லாத்தையும் பிரிச்சு வச்சேன். பாவம், இத ஒரு நாளும் பிரிக்கவே இல்ல. எடுத்து எடுத்துப் பாத்துட்டு உள்ள வச்சிருவாக. இன்னைக்காவது ஆற அமர வெளாடட்டும்.”

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவர்கள் வீட்டில் படையலுக்கு எதையும் மூடி வைக்க மாட்டார்கள். பீடிக் கட்டைக்கூடப் பிரித்துத்தான் வைப்பார்கள். செத்தவன் கையால் திறக்க முடியாது, இருக்கிறவர்கள்தான் திறந்து கொடுக்க வேண்டும். இத்தனை வருஷமாக அவன் ஆசை ஆசையாகப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்ததை அவள் பார்த்திருக்கிறாள். அவளுக்கு அது எடைக்கு வாங்கின பெட்டி.

கொல்லைப்பக்கம் போய்த் தகரத்துக்கு அடியில் நின்று உசாமாவுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். “போயல்லோ சாரே” என்றார், போச்சே என்று மலையாளத்தில். கறையோடு இருப்பதற்கு அவர் சொன்ன விலையில் அந்த வீட்டின் ஒரு கதவைக்கூட மீட்க முடியாது. டிக்கெட்டை ரத்து செய்துவிடுகிறேன், மன்னிக்க வேண்டும் என்றார். அவர் பேரில் ஒரு குற்றமும் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். எத்தனையோ பேரிடம் சொல்லியுமிருக்கிறேன்.

பந்தியில் என்னைத் தங்கசாமி பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நாளைக் காலையில் ரிஜிஸ்டர் ஆபீஸ் போகலாமா என்று அவர் என்னிடம்தான் தணிவாகக் கேட்டார். தம்பி பெண்டாட்டியிடம் நேரே கேட்க அவருக்குச் சங்கடம். அவர் பதிலுக்குக் காத்திராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து கைகழுவப் போனார். நான் கறி சாப்பிட மாட்டேன் என்று நிர்மலா எனக்காகத் தனியாகச் சாம்பார் வைத்திருந்தாள். அதைத் தூக்கு வாளியில் எடுத்துக்கொண்டு வந்தவள், குனிந்து பரிமாறுகிற சாக்கில், அந்த ஏற்பாடு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

எனக்கு முன்னால் இரண்டே வழிதான் இருந்தது. உண்மையைச் சொன்னால், உன் புருஷன் உனக்காக ஒரு வீட்டையே விட்டுவிட்டுப் போனான், அதைக் காலையில் நீயே உன் நகத்தால் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டாய் என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையோடு அவள் மிச்ச காலத்தை எப்படிக் கழிப்பாள். கொல்லைக் கிணற்றை இன்னும் தூர்க்காத வீடு, விழுந்துவிடுவாளோ என்று பயம். தெரிந்த ஒருத்தரிடம் பணம் கேட்டிருந்தேன், அவர் கையை விரித்துவிட்டார் என்றேன்.

அவள் அதை ஏற்றுக்கொண்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் நகரவில்லை.

“அண்ணே, ஆஸ்பத்திரில என்னைய வெளிய போகச் சொல்லிட்டு உங்ககிட்டத் தனியாப் பேசுனாகள்லா. எனக்கு ஏதோ வழி பண்ணத்தான் பேசுதாகன்னு இந்த ஒரு வருசமும் நெனச்சிட்டிருந்தேன். என்னண்ணே பேசுனாக?”

சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் அவன் நல்லவனாவான், அவள் செத்துப்போவாள். செத்தவனைக் காப்பாற்றி என்ன ஆகப் போகிறது.

“வெளாட்டப் பத்தித்தாம்மா. எதுக்கு இன்னைக்கு என்ன வெல போவும்னு பேசிட்டிருந்தோம்.”

“கடைசி நேரத்துலயுமா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

நிர்மலா அழவில்லை. வாளியைத் தரையில் வைத்தாள். திரும்பிப் பார்த்து, கைகழுவிவிட்டு வந்த தங்கசாமியிடம், நாளைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் அத்தான் என்று சாதாரணமாகச் சொன்னாள். போய்ப் படையலிலிருந்து அந்தப் பெட்டி, வரைபடம், பிளாப்பி எல்லாவற்றையும் கையால் வாரிக்கொண்டு வந்து என் பக்கத்தில் தரையில் போட்டாள்.

“இந்தச் சனியன நீங்களே கொண்டு போயிருங்க. ஒரு வருசமா இந்த மனுசனுக்கா அழுதேன்னு இருக்கு.”

பிறகு வாளியை எடுத்து, எனக்குப் போதும் என்று சொல்ல வாய் வருவதற்குள், இலை நிறையச் சாம்பாரை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். சாம்பார் வழிந்து பெட்டிப் பக்கம் ஓடியது. நான் பெட்டியை நகர்த்தவில்லை. கை சோற்றிலேயே கிடந்தது.