குடுமியும் கிராப்பும்

1.
ஒப்புக்கொள்கிறேன்: இது கட்டுரையாகப் பிறந்தது. ஆசியாவிலிருந்து வந்த இரண்டு காட்டு ஆப்பிள் மரங்களை ஒப்பிட்டு எழுதச் சொன்னார் எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு மலரின் ஆசிரியர். ஒன்று சைபீரியம், ஒன்று சீனம். இரண்டிலும் வெள்ளைப் பூ, நெல்லிக்காயை விடச் சின்னதாகச் சிவப்புக் காய். சைபீரியக் காயின் நுனி மொட்டை. சீனக் காயின் நுனியில் பூவின் மிச்சம் குடுமியாக ஒட்டிக்கொண்டிருக்கும். (பக்கம் நிரம்பவில்லை. ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்தேன்.)

2.
டொரொண்டோ, 1974. வெளியே பனி மெல்ல...

[வேண்டாம். கனடாக் கதை என்றால் பனி பெய்தே ஆகவேண்டுமா?]

புறநகர் ரெக்ஸ்டேலில் குடியிருந்த தட்சிணாமூர்த்தி ஒரு தோட்டத்தில் தற்காலிகத் தாவரவியலாளர். அங்கே அவர் 'டாக்'. மீதிப் பெயர் உதிர்ந்துவிட்டது. பெயர்ப்பலகை தொலைந்த இரண்டு காட்டு ஆப்பிள் மரங்களில் எது சைபீரியம், எது சீனம் என்று திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம். ஒரு மரத்துக் காயைப் பச்சைப் பையிலும் மற்றதை வெள்ளைப் பையிலும் பறித்துவந்தவர், பார்க்கலாம் பார்க்கலாம் என்று பால்கனியில் போட்டுப் பத்து நாள் எட்டிப் பார்க்கவில்லை. மரத்தில் மிச்சமிருந்ததைப் பறவைகள் தீர்த்துவிட்டன.

(இவ்வளவு சோம்பேறியா என்று எனக்கே சந்தேகம். கட்டுரையை ஐந்து மாதம் தள்ளிப்போட்டவன் நான், அதனால் கேட்கவில்லை.)

"என்ன காய்?" என்று மனைவி வேதவல்லி அன்றே கேட்டாள். "கிராப் ஆப்பிள்" என்று ஆங்கிலப் பெயரைச் சொன்னார். கிராப் என்றால் நண்டு என்று சொல்லியிருந்தால் பைகள் அந்தச் சுத்த சைவ வீட்டின் வாசலைத் தாண்டியிருக்காது. அவள் தலைமுடிக் கிராப்பு என்று எடுத்துக்கொண்டாள். அவரும் திருத்தவில்லை.

3.
ஞாயிறு மதியம் பால்கனியில் பைகளைக் காணோம். தட்டில் தயிர்சாதம், ஓரத்தில் சிவப்பாக ஒன்று.

"ஜாடியில உப்பும் காரமும் போட்டு ஒரு வாரமா ஊறறது. மாவடுவைக் கண்ணால பார்த்து மூணு வருஷமாச்சோன்னோ? சுவாமிக்கும் காட்டியாச்சு."

"ரெண்டு பையுமா?"

"ஒண்ணாத்தான் கொட்டினேன். கிராப்பு ஆப்பிள்னேள், ஒரு பை முழுக்கக் குடுமி! உட்கார்ந்து அத்தனைக்கும் கிராப்பு வெட்டினேன்."

அவருக்குப் போன உயிர் திரும்பியது. "எந்தப் பை, வேதா? பச்சையா, வெள்ளையா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சொல்றேன். குடுமி வெச்சதுக்குக் கிராப்புன்னு எவன் பேர் வெச்சான்? அதை முதல்ல நீங்க சொல்லுங்கோ."

4.
முடிவு ஒன்று: அவர் நண்டு என்ற உண்மையைச் சொல்கிறார். ஜாடி குப்பைக்குப் போகிறது. அந்தக் கோபத்தில் அவள் பையைச் சொல்வாளா? சரியாகச் சொல்வா...

[அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: அவர் பொய் சொல்கிறார். அந்தப் பொய்யை நான்தான் யோசிக்க வேண்டும். எனக்கு ஒன்றும் வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து மாவடு கிடைத்த சந்தோஷம் அவள் முகத்தில் இருக்கிறது. அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை. அவர் காதில் நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆனால் சீக்கிரம்; அவள் இன்னொன்றை எடுத்துக் கடித்துவிட்டாள்.