டக்கோட்டா வருகிறது

மாலை கழுத்தில் விழுந்த பிறகுதான் எதற்கு என்று கேட்க அம்சத்துக்குத் தோன்றியது.

"எதுக்குண்ணே இது?"

"எதுக்கா? கலெக்டர் ஆபீஸுக்கு நடையா நடந்து பஸ்ஸைக் கொண்டாந்துட்டியே, அதுக்கு" என்றார் பக்கிரி. அவர் அம்சத்தின் அண்ணன். மதகடியில் டீக்கடை வைத்திருப்பவர். "வார்டு மெம்பர்னா இப்படி இருக்கணும்னு காலையிலேருந்து ஊரே பேசுது. வெடிகூட வாங்கி வச்சிருக்கேன்."

அம்சம் சுற்றிலும் பார்த்தாள். கடம்பவாய்க்கால் ஊரின் பாதி ஜனம் மதகடியில் நின்றது. வள்ளியம்மை கீரைக்கூடையை இறக்கி வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தையல் கமருன்னிஸா தைத்த துணிகளை மூட்டையாகக் கட்டி மதகுக் கட்டையில் வைத்திருந்தாள். எல்லார் முகத்திலும் கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய களை. எல்லாரும் திருத்துறைப்பூண்டிச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட வானத்தைப் பார்க்கவில்லை.

அம்சம் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, பஸ் வருதுன்னு யாரு சொன்னா?"

"யாரு சொன்னாவா? ஒன் வீட்டுக்காரருதான்" என்று பக்கிரி போனை நீட்டினார். ஊர் வாட்ஸப் குழுவில் அவள் கணவர் இராஜாங்கம் இரவு போட்டிருந்த செய்தி, பிழையில்லாத நல்ல தமிழில் இருந்தது: 'நாளை காலை நமது ஊர் வழியாக டக்கோட்டா வருகிறது. அனைவரும் மதகடியில் கூடவும். இந்த வாய்ப்பைத் தவறவிட வேண்டாம்.'

அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாகக் கிடந்தன. 'மெம்பர் அம்சம் அக்கா வாழ்க' என்றும் ஒருவர் எழுதியிருந்தார்.

டக்கோட்டா என்பது அந்த ஊருக்கு வந்துபோன மினி பஸ்ஸின் பெயர். யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயரல்ல. பிரேக் பிடித்தால் வண்டி நிற்பதற்கு முன்னால் ஜன்னல் கண்ணாடி இறங்கிவிடும். மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டியை நம் பக்கத்தில் வேறு எப்படிச் சொல்வார்கள்? ஆனாலும் கீரையும் துணியும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் அதில்தான் போனார்கள். கோடையில் ஒருநாள் பின் ஆக்ஸில் முறிந்து நின்றது. அந்தப் பழைய மாடலுக்குச் சாமான் கிடைக்கவில்லை என்று முதலாளி ராஜ்குமார் அதைத் திருத்துறைப்பூண்டி கொட்டகையில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து புது பஸ் கேட்டு அம்சம் மனு மேல் மனுவாகக் கொடுத்துவந்தாள்.

அந்த ஊரில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் டக்கோட்டா என்றால் வேறு. இராஜாங்கம் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தவர். இறக்கை, வால், உடம்புத் தகடு இவற்றைப் பார்த்துச் செப்பனிடுவது அந்த வேலை. அவர் சேர்ந்த காலத்தில் டக்கோட்டா விமானங்கள் கடைசிக் காலத்தில் இருந்தன. அவற்றின் வயிற்றுக்கடியில் படுத்துத்தான் அவர் தொழில் கற்றார். கல்யாணமான புதிதில் அம்சம் அவருடைய ஸ்கூட்டரை "இந்த டக்கோட்டா" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. "அந்தப் பேரைச் சொல்ற அளவுக்கு அதுக்குத் தகுதி கிடையாது" என்றார். பஸ்ஸுக்கு அந்தப் பெயர் விழுந்ததும் அதில் ஏறுவதையே விட்டார். மெயின் ரோடு வரை நடந்தே போவார். 'டக்கோட்டா மாப்ள' என்று பக்கிரி கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஆனால் வீட்டில் பேச்சு ஓயாது. அவள் அரிசியில் கல் பொறுக்கும்போதும், உளுந்து புடைக்கும்போதும் அவர் டக்கோட்டாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவள் "உம்" கொட்டுவாள். நேற்று மாலையும் தஞ்சாவூரிலிருந்து அவருடைய பழைய சகா ஜெக்கரியா போன் செய்தார். இன்னும் பறக்கும் நிலையில் இருக்கிற பழைய டக்கோட்டா ஒன்று தஞ்சாவூருக்கு வந்திருக்கிறது, காலையில் கிளம்பிக் கடற்கரை நோக்கிப் போகிறது, வழி உங்கள் ஊர்தான் என்றார். இராஜாங்கம் குதிக்காத குறை. "ஊரு முழுக்கப் பாக்கட்டும் அம்சம். ஒரு தடவை கண்ணால பாத்துட்டா அப்பறம் எவனும் அந்தப் பேரைக் கேலிக்குச் சொல்ல மாட்டான்" என்றார். அதற்கும் அவள் "உம்" என்றுதான் சொன்னாள்.

இப்போது மாலையின் செவந்தி கழுத்தில் அரித்தது. தேர்தல் வரும் போகும். இந்த ஜனம் நாளைக்கு அவளை நம்ப வேண்டும், அதுதான் பெரிது. அவள் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் கேளுங்க. பஸ் வரல. வர்றது ஏரோப்ளேன். அதோட பேருதான் டக்கோட்டா."

வள்ளியம்மை தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினாள்.

"ஏரோப்ளேனா?" என்றாள் வள்ளியம்மை. "அதுல என் கீரைக்கூடைய எங்க ஆத்தா ஏத்துறது? ஷேர் ஆட்டோக்காரன் கூப்பிட்டான், பஸ் வருதுடான்னு பெருமையா அனுப்பிட்டேனே!"

"கூடையத் தூக்கி மேல வீசு அக்கா, புடிச்சுக்குவாங்க" என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து இராஜாங்கம் வந்து சேர்ந்தார். சலவைச் சட்டை. தலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கையில் இன்னொன்று. வயசானவர்கள் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கட்டும் என்று சுமந்து வந்திருந்தார். இவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க டக்கோட்டா மாப்ள" என்றார் பக்கிரி. "நாங்க பஸ்ஸுக்கு நிக்கிறோம், நீங்க ப்ளேன் காட்டுறீங்க. என் தங்கச்சி மானத்தையும் சேத்து வானத்துல ஏத்திட்டீங்க."

இராஜாங்கத்துக்குப் புரியவே சிறிது நேரம் பிடித்தது. மாலையைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். நாற்காலிகளை மெல்லக் கீழே வைத்தார். நாலு பேர் முன்னால் அவருக்கு வாய் வராது. வீட்டில் பேசுகிற பேச்செல்லாம் வீட்டோடு சரி.

கமருன்னிஸா மூட்டையைத் தூக்கினாள். இரண்டு மூன்று பேர் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள். இவர்கள் போய்விட்டால் இந்த மனிதர் இனி யாரிடமும் அந்த விமானத்தைப் பற்றிப் பேச மாட்டார், தன்னிடம்கூடப் பேச மாட்டார் என்று அம்சத்துக்குத் தெரிந்தது.

"கமரு, நில்லு!" என்றாள். "வந்தது வந்துட்டீங்க. எதுக்குக் கூப்புட்டாருன்னு கேட்டுட்டுப் போங்க. அந்த ப்ளேன் இருக்கே, அந்த வகை மொதமொதலாப் பறந்து தொண்ணூறு வருசம் ஆவப்போவுது. மொதல்ல ஜனங்க ஏறிப்போறதுக்குத்தான் செஞ்சாங்க. அப்பறம் சண்டை வந்து பட்டாளத்துக்குப் போச்சு. பத்தாயிரத்துக்கும் மேல செஞ்சாங்க. வால் பக்கம் தரையில உக்காந்துருக்கும், மூக்கு மேல பாத்துருக்கும். உள்ள ஏறுனா மேடு ஏறுற மாதிரி நடந்துதான் சீட்டுக்குப் போவணும்."

இராஜாங்கம் அவளையே பார்த்தார்.

"நம்ம நாடு சுதந்திரம் வாங்குன வருசமே காஷ்மீருல சண்டை. பட்டாளத்த ஏத்திக்கிட்டுப் போயி முதல்ல இறக்குனது டக்கோட்டாதான். கீழ எதிரி இருக்கானா, நம்ம ஆளு இருக்கானான்னுகூடத் தெரியாமப் போயி இறங்குச்சு. மறு வருசம் லடாக்கு. மூச்சு விடக் காத்து பத்தாத மலை. அந்த உசரத்துக்கெல்லாம் அதைச் செய்யவே இல்ல. ஆனா போச்சு. மணல்ல இறங்குச்சு."

"மணல்லயா?" என்றார் பக்கிரி தன்னை மறந்து.

"மணல்லதான். அப்பறம் தபாலு. மெட்ராஸு, பம்பாயி, கல்கத்தா, டில்லின்னு நாலு ஊருலேருந்தும் ராத்திரி டக்கோட்டா கெளம்பும். நடுவுல நாக்பூர்ல எல்லாம் கூடி மூட்டைய மாத்திக்கிட்டு, விடியறதுக்குள்ள அதது ஊருக்குத் திரும்பிடும். இங்க போட்ட கடுதாசி டில்லிக்கு அப்படித்தான் போச்சு."

தனக்குள் இவ்வளவு இருப்பது அம்சத்துக்கே தெரியாது. "உம்" கொட்டியதெல்லாம் எங்கேயோ நெல் குதிரில் விழுந்ததுபோல் விழுந்து கிடந்திருக்கிறது. இப்போது அடைப்பை எடுத்ததும் கொட்டியது.

"இன்னொண்ணு கேளுங்க. சீன தேசத்துல குண்டு விழுந்து ஒரு ப்ளேனுக்கு ஒருபக்க றெக்கை போயிடுச்சு. மாத்தச் சாமான் இல்ல. அதுக்கு முந்துன மாடலு ஒண்ணோட றெக்கையக் கொண்டாந்து மாட்டுனாங்க. ஒருபக்கம் நீளம், ஒருபக்கம் கட்டை. அதோட பறந்து போயி சேந்துச்சு. அப்படிப்பட்ட வண்டி அது. அதோட பேரைத்தான் நாம ஓட்டை வண்டிக்கெல்லாம் வச்சிருக்கோம். இவரு முப்பது வருசமா அதுக்குத்தான் வருத்தப்படுறாரு. பஸ்ஸு வருதுன்னு உங்கள ஏமாத்த இல்ல."

கமருன்னிஸா மூட்டையை மறுபடி மதகுக் கட்டையில் வைத்தாள். யாரும் போகவில்லை.

இராஜாங்கம் கையைத் தூக்கினார். "சத்தம் போடாதீங்க" என்றார். அதுதான் அங்கே அவர் பேசிய முதல் வார்த்தை.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மேற்கே, தென்னைகளுக்குப் பின்னால், ஒரு அதிர்வு வந்தது. இரண்டு தவில் ஒரே சொல்லை மயிரிழை முன்பின்னாக வாசித்தால் எப்படி இருக்குமோ அப்படி, சேர்ந்தும் விலகியும் சேர்ந்தும் வந்தது. நாற்றங்காலில் நின்ற கொக்குகள் எழுந்தன. தென்னைக்கு மேலே வெள்ளியாக அது வந்தது.

தஞ்சாவூரிலிருந்து புறப்படும் சண்டை விமானங்களை அந்த ஊர் அறியும். அண்ணாந்து பார்ப்பதற்குள் அவை போய்விடும், சத்தம் மட்டும் கூரையில் விழும். இது அப்படி இல்லை. பார்ப்பதற்கு அவகாசம் கொடுத்து வந்தது. உருண்டை மூக்கு. இரண்டு பக்கமும் பானை போன்ற இன்ஜின்கள். வரிசையாகச் சதுர ஜன்னல்கள். முன்பக்கம் சாய்ந்து பின்பக்கம் நேராக வெட்டிய அகன்ற இறக்கை. எதுவும் ஆடவில்லை, எதுவும் கடகடக்கவில்லை. அதன் நிழல் வயல்களில் வரப்பு வரப்பாகத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, வள்ளியம்மையின் கீரைக்கூடை மேல் ஏறி இறங்கிப் போனது.

"யம்மா" என்றாள் வள்ளியம்மை. "தேரு நகர்ற மாதிரில்ல போவுது!"

இராஜாங்கம் விறைப்பாக நின்றார். வலது கை விரல்கள் மட்டும் ஸ்பானர் பிடித்ததுபோல் மெல்ல அசைந்தன. கடற்கரைப் பக்கம் அது புள்ளியாகி, புள்ளியும் போன பிறகும் சத்தம் மட்டும் சற்று நேரம் இருந்தது. பக்கிரி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்தார். எப்போது கட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"மாப்ள, இதுக்கா அந்தப் பேரு?"

"இதுக்குத்தான் மச்சான்."

"சரிதான்" என்றார் பக்கிரி. பிறகு, "அந்த றெக்கை மாத்துன கதை நெசமா, இல்ல தங்கச்சி அளந்து விட்டுச்சா?"

"நெசம்."

"அவன் றெக்கையவே மாத்திப் பறந்திருக்கான். நம்ம பஸ்ஸுக்கு ஒரு ஆக்ஸில். வேற வண்டியோடத மாட்ட முடியாதா?"

அந்த பஸ்ஸை இராஜாங்கம் ஒருமுறைகூட உற்றுப் பார்த்தது கிடையாது. ஊரே அவர் முகத்தைப் பார்த்தது. அம்சமும் பார்த்தாள்.

"முறிஞ்சது பின் ஆக்ஸில் மட்டுந்தானான்னு ராஜ்குமாருக்கு ஒரு போன் போடு அம்சம்" என்றார் கடைசியில். "நான் போயி பாக்குறேன்."

"அதுக்கு முன்னாடி என் கீரை வாடுது" என்றாள் வள்ளியம்மை. பக்கிரி கடையைச் சாத்திவிட்டுப் பால் கொண்டுவரும் குட்டி யானை வண்டியை எடுத்தார். கீரைக்கூடையும் துணி மூட்டையும் ஏறின. பின்னால் இராஜாங்கம் தன் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் அம்சம் வண்டியின் கண்ணாடியில் மாட்டிவிட்டாள்.

கொட்டகையில் ஆன வேலை ஒருநாளில் முடியவில்லை. மன்னார்குடிப் பக்கம் உடைப்புக்குப் போட்டிருந்த ஒரு லாரியின் ஆக்ஸில் கிடைத்தது. இரண்டு இடத்தில் புதுத் துளை போட வேண்டியிருந்தது. இராஜாங்கமும் ராஜ்குமாரின் மெக்கானிக்கும் அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். மெக்கானிக் சொன்ன இடமே சரி என்று கடைசியில் தெரிந்தது. அதை வீட்டில் வந்து சொன்னதும் இராஜாங்கமேதான்.

தீபாவளிக்கு முன்னால் பஸ் வந்தது. பக்கிரி வாங்கி வைத்த வெடி நமுத்துப் போயிருந்ததால் பாதிதான் வெடித்தது. இராஜாங்கம் முதன்முதலாக அதில் ஏறி, பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே இருந்த சீட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் அம்சம். அடுத்த நிறுத்தத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் படியில் கால் வைத்துத் தயங்கினார்.

"என்னங்க, ஒரே டக்கோட்டாவா இருக்கே?"

"ஆமாங்க, டக்கோட்டாதான்" என்றாள் முன் சீட்டிலிருந்து வள்ளியம்மை. "தைரியமா ஏறுங்க. எங்க வேணாலும் போவும்."

அம்சம் கணவரை இடித்தாள். "கேட்டீங்களா, என்ன சொன்னுச்சுன்னு?"

அவர் கண்ணை மூடிக் காலடியில் சுழலும் ஆக்ஸிலின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உம்" என்றார்.